ஒன்பதாவது கட்டம்

மூன்று நாள் இருட்டில் கிடந்த போத்தல்களை
இன்று காலை வெளியே எடுத்தேன்.
உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
மூச்சைத் தின்று தீர்த்திருந்தன.
எவ்வளவு தின்றன என்று எழுதுவதுதான்
செம்பனை ஆலையில் என் உத்தியோகம்.

பாரத்தில் ஒன்பதாவது கட்டம்:
கழிவு சென்று சேரும் நீர்நிலையின் பெயர்.
ஆறு வருடமாக அதில் வடிகால் என்றே எழுதுகிறேன்.
எனக்கு முன்பிருந்த குணவதியும் அப்படித்தான் எழுதினார்.
லயத்தில் அதற்குப் பெயர் கறுப்பு லோங்காங்.
கடைசிக் குளம் நிரம்பிய இரவுகளில்
கொட்டிய தேத்தண்ணி நிறத்தில் இறங்கும்.
பந்து விழுந்தால் பிள்ளைகள் எடுப்பதில்லை,
வேறு பந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த நாட்டில் விலாசம் எழுத உட்கார்ந்தால்
கை நனையாமல் எழுந்திருக்க முடியாது.
சுங்கை என்று தொடங்கும்,
இல்லாவிட்டால் கோலா.
தலைநகருக்கே சேற்று நீர் கூடுமிடம் என்றுதான் பெயர்.
எங்கள் பட்டணம் சுங்கை பெலுக்கார்.
இரண்டு பெட்ரோல் நிலையம், ஒரு மாரியம்மன்,
மாமாக் கடை, புதிதாய் ஒரு கோழிக்கடை.
ஆறு மட்டும் இல்லை.
எங்கே போயிற்று என்று
ஒருவரும் கேட்டதில்லை, நானும்.

பள்ளியில் படித்ததெல்லாம் பெரிய ஆறுகள்.
ராஜாங், கினபாத்தாங்கான்: கடலுக்கு அந்தப்பக்கம்,
பரீட்சைக்கு முதல்நாள் வரை நீளம் மனப்பாடம்.
பகாங் இரண்டு மதிப்பெண்.
மூடா கெடா வயலுக்கும் பினாங்குக் குழாய்க்கும்.
கிளந்தான், வருடக் கடைசியில்
செய்தி வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால்
ஆட்களைக் கூரைமேல் உட்கார வைக்கும்.
பேராக் அணை அணையாய்க் குனிந்து
எங்கெங்கோ விளக்கேற்றும்.
சோறும் வெளிச்சமும் போடுகிற ஆறுகள்.
நமக்கும் அதற்கும் என்ன என்றிருந்தேன்.

போன செவ்வாய் சாலை அகலப்படுத்த அளக்க வந்த
சுல்கிஃப்லி, மழைக்கு என் அறையில் ஒதுங்கி
பழைய நிலப்படத்தை மேசையில் விரித்துக் காயவைத்தார்.
ஆலைக்குப் பின்னால்
தலைமுடி கனத்தில் ஒரு நீலக் கோடு.
அதன்மேல் பொடி எழுத்தில்
எங்கள் பட்டணத்தின் பெயர்.
இது எது என்றேன்.
"இதுதான் அக்கா, உங்கள் லோங்காங்" என்று சிரித்தார்.

அவர் போன பிறகும் என் விரல் போய்க்கொண்டிருந்தது.
அந்தக் கோடு இன்னொரு கோட்டில் விழுந்தது,
அது பெர்னாமில் விழுந்தது.
பெர்னாமைத் தடுத்து வாய்க்காலில் திருப்பி
செகிஞ்சான் வயல்வரை இழுத்துப் போயிருந்தார்கள்.
மத்தியானச் சாப்பாடு திறக்காமல் பக்கத்திலிருந்தது.
தோங் கடையில் வாங்கிய பத்துக்கிலோ மூட்டை,
செகிஞ்சான் புது அரிசி,
இரண்டு ரிங்கிட் கூடவே கொடுத்து,
வாசமாயிருக்கிறதே என்று.

இன்றைய கணக்கு நூற்று எண்பத்தேழு.
"நூறுக்குள்ள பார்த்துப் போடுங்க" என்பார் திரு. கூ,
கெட்ட மனிதரில்லை,
தீபாவளிக்கு ஆரஞ்சுப் பெட்டி கொடுக்கிறவர்.
நானும் பார்த்துத்தான் போட்டேன்.
தொண்ணூற்று நான்கு. எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு.
ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று
மாற்றி மாற்றிப் போடும் கெட்டிக்காரத்தனம்
யாரும் சொல்லித்தராமலே எனக்கு வந்தது.

ஒன்பதாவது கட்டத்தை முதலில் நிரப்பினேன்.
வடிகால் என்ற சொல்லுக்கு அளவெடுத்த கட்டம் அது.
சுங்கை பெலுக்கார் அடங்கவில்லை,
பத்தாவது கட்டத்துக்குள் வழிந்தது.
அங்கேதான் எண் எழுத வேண்டும்.
மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி
நூற்று எண்பத்தேழு.

திரு. கூவின் அறையில் விளக்கெரிகிறது.
பாரம் கையிலிருக்கிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.
சன்னலுக்கு அப்பால்
ஆற்றின் சத்தம் கேட்கிறதென்று எழுத ஆசைதான்.
கேட்பது பாய்லர்.